மொரீஷியஸ் ரோஸ் ஹில் ஊர்ல காவடி சாமான் வாங்குன கடை

தைப்பூசத்துக்கு முன்னாடி எங்க தெருவுல எல்லாரும் போறாங்களேன்னு மார்க்கெட் பக்கத்து சந்துல இருக்கிற இந்த பூஜை சாமான் கடைக்கு நானும் போனேன். சரக்கு சூப்பர். காவடியில கோக்குறதுக்குன்னே எலுமிச்சம்பழம் ஒரே சைஸா பொறுக்கி தனியா வெச்சிருக்காங்க, பித்தளை செம்பு, வேல், மயிலிறகு எல்லாம் கிடைக்குது. துணி மட்டும் எங்க பாத்தாலும் அடர் ரோஸ். பழனிக்குப் போறவங்க பச்சையும் காவியும் கட்டிப் பாத்த எனக்கு கண்ணு கூசிடுச்சு, ஆனா மொரீஷியஸ்ல காவடின்னா இதுதான் கலர்.

கடைக்காரம்மா வணக்கம் சொன்னதோட தமிழ் ஸ்டாக் முடிஞ்சுது, அப்புறம் முழுக்க கிரியோல்தான், பிரெஞ்சுலேர்ந்து வந்த இந்தத் தீவுப் பேச்சு. ஆனா வெளிய காய்க்கூடையில பாத்தா கிரியோல் பேர்லயே நம்ம தமிழ்தான்: முருங்கைக்கீரைக்கு ப்ரேத் முரும், பீர்க்கங்காய்க்கு பிப்பங்காய், கொத்தமல்லிக்கு கோத்தோமிலி, கறிவேப்பிலைக்கு கரிபுலே! பக்கத்துல நின்ன சீனாக்கார பாட்டியும் கோத்தோமிலின்னுதான் கேட்டு வாங்குது. 1735க்கு அப்புறம் பிரெஞ்சு கவர்னர் லபூர்தொனே காலத்துல பாண்டிச்சேரியிலேர்ந்து நம்ம கைவேலைக்காரங்க வந்தாங்க, பின்னாடி 1834லேர்ந்து இந்தியாவுலேர்ந்து வந்த சுமார் நாலரை லட்சம் கூலி ஜனத்துல பீகார் பக்கத்து ஆளுங்கதான் ஜாஸ்தி, நம்மாளுங்க கம்மி, அந்தக் கம்மி கூட்டம் தீவு முழுக்க அடுப்பங்கரையில பேரு வெச்சுட்டுப் போயிருக்கு.

செம்பு எடுத்ததும் அந்தம்மா சீரியஸ் ஆயிட்டாங்க. பத்து நாள் விரதம் ஒழுங்கா இருக்கணுமாம், கோயில் போய் சேர்ற வரைக்கும் செம்புல எடுத்துட்டுப் போற பால் வெயில்ல திரியக்கூடாதாம், திரிஞ்சா விரதத்துல ஏதோ குத்தம்னு அர்த்தமாம். இதெல்லாம் தமிழர் மட்டும் நம்புறதில்ல, வேற ஆளுங்களும் நேர்ந்துக்கிட்டு காவடி எடுக்குறாங்க, கவர்மென்ட் லீவு வேற.

பாக்கி குடுத்த நோட்டப் பாருங்க, இங்கிலீஷுக்கு அடுத்து தமிழ்தான். 1998ல தமிழ ஹிந்திக்குக் கீழ இறக்கி அடிச்சாங்கன்னு பெரிய கலாட்டா ஆகி, அந்த நோட்டெல்லாம் வாபஸ் வாங்கி மாத்தி அடிச்சாங்க. நிறைய பேருக்குப் படிக்க வராத எழுத்துக்காக இப்படி மல்லுக்கட்டுன ஜனத்தப் பாத்து தமிழ் மறந்துட்டாங்கன்னு நம்மூர்க்காரங்க உச்சு கொட்டுறது எனக்கு சுத்தமா பிடிக்கல.

குறைன்னா கற்பூரம் நமுத்துப்போய் இருந்துச்சு, வேற பாக்கெட் கேட்டா முகம் சுளிக்கிறாங்க. கார்டு வாங்க மாட்டாங்க, காசா எடுத்துட்டுப் போங்க. காவடிக்கு முந்தின நாள் மட்டும் போயிடாதீங்க, கியூ ரோட்டு வரைக்கும் நிக்குது. அஞ்சுக்கு நாலு குடுப்பேன், கற்பூரத்துக்கு ஒண்ணு கட்.