ஆர்பிட்ரேஷனில் தோற்றால் எதிர்த்தரப்பு வக்கீல் ஃபீஸ் யார் தலையில்? மூன்று நாடுகள், மூன்று வழி

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்போது ஆர்பிட்ரேஷன் (தகராறை நீதிமன்றத்துக்குப் பதில் நடுவர் முன் தீர்த்துக்கொள்வது) எந்த ஊரில், நடுவர் எத்தனை பேர் என்று பார்ப்பவர்கள்கூட, ஜெயித்தவரின் வக்கீல் ஃபீஸை யார், எவ்வளவு வரை கொடுக்க வேண்டும் என்பதைப் பார்ப்பதில்லை. சின்ன நிறுவனங்களை முடக்கிப்போடுவது பல நேரம் அந்தத் தொகைதான்.

அமெரிக்காவில் அவரவர் வக்கீலுக்கு அவரவர் கொடுக்க வேண்டும். சட்டமோ ஒப்பந்தமோ இடம் கொடுத்தால் மட்டும் விலக்கு. ஆனால் அமெரிக்க ஆர்பிட்ரேஷன் சங்கத்தின் வணிக விதிகளில் ஒரு பொறி இருக்கிறது: இரு தரப்பும் தங்கள் மனுவில் வக்கீல் ஃபீஸ் கேட்டுவிட்டால், ஒப்பந்தத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லாவிட்டாலும், நடுவருக்கு அதை வழங்கும் அதிகாரம் வந்துவிடும். வழக்கமான வரிதானே என்று மனுவின் கடைசியில் சேர்ப்பவர்கள் கவனிக்க வேண்டும்.

இந்தியாவில் ஆர்பிட்ரேஷன் சட்டத்தில் 2015 திருத்தம் கொண்டுவந்த 31ஏ பிரிவின்படி பொது விதி, தோற்றவர் கொடுக்க வேண்டும் என்பதே. நடுவர் வேறு மாதிரி முடிவெடுத்தால் காரணத்தை எழுத வேண்டும். செலவு நியாயமானதாக இருக்க வேண்டும், சரி, ஆனால் எது நியாயம் என்பது கடைசியில்தான் தெரியும். ஒரு நல்ல பாதுகாப்பும் உண்டு: யார் ஜெயித்தாலும் செலவு உன்னுடையது என்று தகராறு வரும் முன்பே எழுதி வாங்கிய ஷரத்து செல்லாது.

இங்கிலாந்தின் 1996 ஆர்பிட்ரேஷன் சட்டத்திலும் இதே பாதுகாப்பு இருக்கிறது, தோற்றவர் கொடுப்பதுதான் அங்கேயும் பொது விதி. கூடுதலாக, ஒரு செலவு நியாயமா என்று சந்தேகம் வந்தால் பலன் கொடுப்பவருக்கே. எனக்கு மிகவும் பிடித்தது 65ஆம் பிரிவு: இவ்வளவுக்கு மேல் வசூலிக்க முடியாது என்று நடுவர் முன்கூட்டியே உச்சவரம்பு போடலாம். அது எவ்வளவு அவசியம் என்பதற்கு எஸ்ஸார், நார்ஸ்காட் என்ற இரு நிறுவனங்களின் வழக்கே போதும். ஜெயித்த நார்ஸ்காட் வழக்கு நடத்த மூன்றாம் தரப்பிடம் வாங்கிய பணத்துக்கான செலவையும் தோற்றவர்மேல் நடுவர் சுமத்தினார், 2016இல் லண்டன் உயர் நீதிமன்றம் அது சரி என்றது.

என் ஓட்டு இங்கிலாந்துக்கே, அந்த உச்சவரம்புக்காகவே. நம் 31ஏ-யில் அப்படி வெளிப்படையான அதிகாரம் எழுதப்படவில்லை. ஆனால் தகராறு வந்த பிறகு இரு தரப்பும் பேசி ஒத்துக்கொள்ளத் தடை இல்லை, அதனால் முதல் அமர்விலேயே உச்சவரம்பு கேளுங்கள். எதிர்த்தரப்பு மறுத்தால், நியாயமான ஒரு சமரசத் தொகையை எழுத்தில் அனுப்பி வையுங்கள், ஏனென்றால் அதை அவர்கள் தட்டிக்கழித்தார்களா என்பதையும் செலவை முடிவு செய்யும்போது நடுவர் பார்க்க வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது.