காற்று மெத்தையா, ஃபோமா, குஷனா? படுக்கைப் புண்ணுக்கு எதை முதலில் கவனிப்பது

தண்டுவடத்தில் அடிபட்டவர், பக்கவாதம் வந்தவர், இடுப்பெலும்பு முறிந்து நெடுநாள் கிடப்பவர் என்று யாராக இருந்தாலும், பிட்டத்தில் தோல் சிவந்துவிட்டால் வீட்டார் கேட்கும் முதல் கேள்வி, "என்ன மருந்து போடலாம்?" அடுத்தது, "எந்த மெத்தை வாங்கலாம்?" உட்காரும் குஷனைப் பற்றி அநேகமாக யாரும் கேட்பதில்லை. இந்த வரிசையே தவறு என்பது என் கருத்து. எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே சதை நசுங்கும்போது நுண்ணிய ரத்தக் குழாய்கள் மூடிக்கொள்கின்றன. ரத்தம் போகாத சதை செத்துப்போகிறது. அந்த அழுத்தம் விலகாதவரை மேலே எதைத் தடவினாலும் புண் ஆறாது.

எதை மாற்ற வேண்டும் என்பதைப் புண் இருக்கும் இடமே பாதி சொல்லிவிடும். குதிகாலில் வந்தால் படுக்கையைப் பாருங்கள். உட்காரும் எலும்புகளின் மேல், அதாவது உள்ளங்கையை அடியில் வைத்து உட்கார்ந்தால் கையில் உறுத்துமே அந்த இரண்டு முனைகளில் வந்தால், நாற்காலியைப் பாருங்கள். இடுப்பின் பக்கவாட்டு எலும்பில் வந்தால் முழுக்க ஒருக்களித்தே படுக்க வைக்கிறார்கள் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். முதுகின் அடியில், வால் எலும்பை ஒட்டி வரும் புண்தான் ஏமாற்றும். படுக்கையின் தலைப்பக்கத்தை உயர்த்தி வைத்ததால் கீழே சரிந்துகொண்டே வருபவருக்கும் அங்கேதான் வரும், நாற்காலியில் முன்னால் வழுக்கிச் சாய்ந்து உட்காருபவருக்கும் அங்கேதான் வரும்.

காற்று மெத்தையும் ஃபோம் மெத்தையும்

காற்று மெத்தை என்றால் இங்கே மோட்டார் வைத்த மெத்தை. அதன் அறைகள் சில நிமிடங்களுக்கு ஒருமுறை மாறி மாறி நிரம்பி வடியும். அதனால் உடலில் அழுத்தம் படும் இடம் மாறிக்கொண்டே இருக்கும். எதிர்த்தரப்பில் சாதாரண பஞ்சு மெத்தையை வைத்து ஒப்பிட்டால் காற்று மெத்தை எளிதாக ஜெயித்துவிடும். ஆனால் அது நியாயமான போட்டி இல்லை. அடர்த்தியான, தரமான மருத்துவ ஃபோம் மெத்தையோடுதான் ஒப்பிட வேண்டும்.

அப்படி ஒப்பிட்ட பெரிய ஆய்வு, பிரிட்டனில் நடந்து 2019இல் வெளிவந்த பிரஷர் 2. புண் வரும் ஆபத்து அதிகம் இருந்த 2029 உள்நோயாளிகள் அதில் சேர்க்கப்பட்டார்கள். காற்று மெத்தையில் இருந்தவர்களுக்குப் புதிய புண் சற்றுக் குறைவாக வந்தது. ஆனால், காற்று மெத்தைதான் மேல் என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு அந்த வித்தியாசம் பெரிதாக இல்லை. அவர்கள் உடல்நலம் மோசமாகி மருத்துவமனையில் கிடந்தவர்கள், பகல் முழுக்கச் சக்கர நாற்காலியில் இருப்பவர்கள் இல்லை என்பதையும் சேர்த்துத்தான் இந்த முடிவைப் படிக்க வேண்டும்.

மறுவாழ்வு சிகிச்சையில் இருப்பவருக்கு இன்னொரு கணக்கும் உண்டு. அவர் படுக்கையில் தானாகப் புரளவும், எழுந்து உட்காரவும், நாற்காலிக்கு மாறவும் பழகிக்கொண்டிருக்கிறார். ஃபோமில் கையை ஊன்றினால் ஊன்றிய இடம் நிற்கும். காற்று மெத்தையில் கை உள்ளே போகும், விளிம்பு சரியும். நேற்றுவரை தானாகப் புரண்டவர், காற்று மெத்தை வந்தபின் யாராவது வந்து திருப்பட்டும் என்று காத்திருந்தால் அது நஷ்டக் கணக்குதான். கரண்ட் போனாலும் குழாய் மடங்கினாலும் காற்று மெத்தை தன் வேலையை நிறுத்திவிடும்.

எனவே, கொஞ்சமாவது புரள முடிபவருக்கு நல்ல ஃபோம் போதும் என்பேன். துளியும் அசைய முடியாதவர், ஏற்கெனவே ஆழமான புண் உள்ளவர், இரண்டு மூன்று பக்கம் புண் வந்து எந்தப் பக்கம் படுப்பது என்றே வழியில்லாதவர், இவர்களுக்குத்தான் காற்று மெத்தை.

எதை வாங்கினாலும் ஒரு சோதனை செய்யுங்கள். அவர் படுத்திருக்கும்போது, பிட்டத்துக்கு நேர் கீழே மெத்தையின் அடியில் உள்ளங்கையை மேல்நோக்கி நுழையுங்கள். கைக்கும் எலும்புக்கும் நடுவில் இரண்டரை சென்டிமீட்டராவது மெத்தை மிஞ்ச வேண்டும். எலும்பு கையில் தட்டினால் அந்த மெத்தை அவரைத் தாங்கவில்லை. அப்புறம், மேலே ரப்பர் ஷீட், அதன்மேல் போர்வை, அதன்மேல் மடித்த துணி என்று அடுக்கினால் எந்த மெத்தையும் வெறும் பலகையாகிவிடும். ஒரே ஒரு விரிப்பு, அதுவும் இழுத்துச் செருகாமல் தளர்வாக இருக்கட்டும்.

மெத்தை வந்துவிட்டது, இனித் திருப்ப வேண்டியதில்லை என்ற நினைப்புதான் இதில் பெரிய ஆபத்து. 1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில்லில் தண்டுவடக் காயப் பிரிவைத் தொடங்கிய லுட்விக் குட்மன், இரவும் பகலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளிகளைத் திருப்ப வைத்தார். இன்றும் எல்லோரும் சொல்லும் இரண்டு மணி நேரக் கணக்கு அதுதான். 2013இல் வந்த ஓர் ஆய்வில், முதியோர் இல்லங்களில் அடர்த்தியான ஃபோம் மெத்தையில் படுத்தவர்களை 2, 3, 4 மணி நேர இடைவெளிகளில் திருப்பிப் பார்த்தார்கள். புண் வருவதில் வித்தியாசம் இல்லை. புண் இல்லாத, நல்ல மெத்தையில் இருக்கும் முதியவருக்கு இரவுத் தூக்கத்தைக் கெடுக்காமல் இடைவெளியைக் கூட்டிப் பார்க்கலாம். உணர்ச்சியே இல்லாதவருக்கு அந்த முடிவை அப்படியே எடுத்துவைக்க மாட்டேன். திருப்பும்போது நேர் 90 டிகிரி ஒருக்களிப்பதைவிட, முதுகுக்குத் தலையணை கொடுத்து 30 டிகிரி சாய்ப்பதே நல்லது. பக்கவாட்டு எலும்பும் தப்பும், வால் எலும்பும் தப்பும்.

குஷன்: அதிகம் கவனிக்க வேண்டியது இதைத்தான்

படுத்தால் எடை உடல் முழுக்கப் பரவும். உட்கார்ந்தால் பெரும்பங்கு பிட்டத்திலும் தொடையிலும் இறங்குகிறது, அதிலும் அந்த இரண்டு எலும்பு முனைகளில் குவிகிறது. காலையில் நாற்காலியில் ஏறி மாலையில் இறங்குபவருக்குப் படுக்கையைவிட நாற்காலிதான் ஆபத்தான இடம். வீட்டில் விலையுயர்ந்த காற்று மெத்தையும் நாற்காலியில் பழைய தலையணையும் இருந்தால், காசு போக வேண்டிய இடம் மாறிப் போயிருக்கிறது.

ஃபோம் குஷன் லேசானது, ஆடாது. ஆனால் சூட்டைப் பிடித்துவைக்கும், நனைந்தால் கெடும், நாளடைவில் அமுங்கியே போகும். ஜெல் குஷன் குளிர்ச்சியாக இருக்கும், கனம் அதிகம். எலும்பு அழுத்தும் இடத்திலிருந்து ஜெல் ஓரத்துக்கு ஒதுங்கிவிடும் என்பதால் தினமும் கையால் பிசைந்து நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். காற்று அறைகள் கொண்ட குஷன் அழுத்தத்தைப் பரப்புவதில் மற்ற இரண்டையும் முந்தும். ஆனால் அதில் உட்கார்ந்தால் உடல் ஆடும், ஓட்டை விழும், காற்றளவை விடாமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நிறைய காற்றடித்தால் நல்லது என்று நினைத்து டயர்போல இறுக்கிவிடுகிறார்கள். அப்போது உடல் உள்ளே அமிழாமல் மேலேயே நிற்கும், எலும்பு முனையில் அழுத்தம் கூடும். உட்கார்ந்தபின் எலும்புக்குக் கீழே கை வைத்துப் பார்த்தால் ஒன்றரை முதல் இரண்டரை சென்டிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். அதுதான் சரியான அளவு.

பிட்டத்தில் சதை வற்றியவர், உணர்ச்சி இல்லாதவர், ஏற்கெனவே ஒருமுறை புண் வந்து ஆறியவர் ஆகியோருக்குக் காற்றுக் குஷன்தான். ஆனால் அதைத் தினமும் சரிபார்க்க ஆள் வேண்டும், அல்லது அவரே பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். உடல் நிமிர்ந்து நிற்காமல் சாய்கிறவருக்கு, அதுவும் காற்றைப் பார்க்க ஆளில்லாத வீட்டில், உடல் வடிவத்துக்கு வெட்டிய ஃபோமும் பின்பக்கம் ஜெல்லும் சேர்ந்த குஷனே மேல். கவனிக்க ஆளில்லாத காற்றுக் குஷன், சுமாரான ஃபோமைவிட மோசம்.

நடுவில் ஓட்டை வைத்த வட்டக் குஷன் வேண்டவே வேண்டாம். வளையம் சுற்றியுள்ள சதையை அழுத்தி, நடுவில் இருக்கும் சதைக்குப் போகும் ரத்தத்தையும் குறைத்துவிடும்.

எந்தக் குஷனானாலும் இடையிடையே அழுத்தத்தை விலக்க வேண்டும். கைகளை ஊன்றி எம்பும் முறையைத்தான் பலர் கற்றுக்கொள்கிறார்கள். 2003இல் வெளியான ஓர் ஆய்வில், அழுத்தப்பட்ட சதையில் ஆக்சிஜன் பழைய நிலைக்குத் திரும்பச் சராசரியாக 1 நிமிடம் 51 விநாடி ஆனது. அவ்வளவு நேரம் யாரால் எம்பி நிற்க முடியும்? தோள்பட்டைதான் தேயும். மேசை மேலோ தொடை மேலோ முன்னால் குனிந்து சாய்வது, அல்லது ஒரு பக்கமாகச் சாய்ந்து பிறகு மறுபக்கம் சாய்வது, இதுதான் இரண்டு நிமிடம் தாங்கக்கூடிய முறை.

இனி, கட்டு

1962இல் ஜார்ஜ் வின்டர் பன்றிகளின் தோலில் செய்த சோதனையில், மெல்லிய பிளாஸ்டிக் படலம் போட்டு ஈரம் காத்த காயங்கள், காற்றுப்பட விட்ட காயங்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு வேகத்தில் புதுத்தோல் மூடின. "காயம் காயட்டும்" என்ற பழைய நம்பிக்கை அத்தோடு தளர்ந்தது. ஈரமான காஸ் துணியை வைத்து, அது காய்ந்து ஒட்டியபின் பிய்த்தெடுப்பது வலியையும் தருகிறது, புதிதாய் முளைத்த சதையையும் சேர்த்தே உரிக்கிறது.

நவீன கட்டுகளுக்குள் ஒன்று மற்றதைவிட மேல் என்று அடித்துச் சொல்ல ஆதாரம் போதாது. கசிவை வைத்துத் தேர்ந்தெடுப்பதே நடைமுறை. கசிவு குறைந்த மேலோட்டமான புண்ணுக்கு, தோலில் ஒட்டிக்கொண்டு கசிவை ஜெல்லாக்கும் ஹைட்ரோகொலாய்டு, கசிவு அதிகமானால் ஃபோம் கட்டு, மிக அதிகமானால் கடற்பாசியிலிருந்து செய்யும் ஆல்ஜினேட், வறண்ட புண்ணுக்கு ஈரம் கொடுக்கும் ஹைட்ரோஜெல். சீழ் பிடித்த புண்ணை ஹைட்ரோகொலாய்டால் மூடிவைக்கக் கூடாது. கழுவ சலைன், அதாவது மருத்துவ உப்புநீர், போதும். ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்றி நுரைப்பதைப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள், அது ஆற்றும் செல்களையும் கொல்லும். குதிகாலில் காய்ந்து கறுத்து, அசையாமல், சிவப்போ சீழோ இல்லாமல் இருக்கும் பொருக்கை மட்டும் பிய்க்காமல் விட்டுவிடலாம். காலின் ரத்த ஓட்டத்தை மருத்துவர் ஒருமுறை பார்க்கட்டும்.

உறிஞ்சும் கருவி வைத்துச் செய்யும் வேக் சிகிச்சை, ஆழமான சுத்தமான குழியில் கசிவைக் கட்டுப்படுத்த உதவும். செத்த சதை நீக்கப்படாத புண்ணில் அதற்கு இடமில்லை.

எல்லாச் சிவப்பும் அழுத்தத்தால் வருவதில்லை. டயபர் படும் இடம் முழுக்க, தோல் மடிப்புக்குள்ளும் தெளிவான விளிம்பில்லாமல் பரவியிருந்தால் அது சிறுநீரும் மலமும் அரித்தது. அங்கே மெத்தையை மாற்றிப் பயனில்லை, உடனுக்குடன் சுத்தம் செய்து துத்தநாகக் களிம்பு போட வேண்டும். எலும்பின் மேல், வட்டமாக, விரலால் அழுத்தினாலும் வெளுக்காத சிவப்பு அழுத்தப்புண்ணின் தொடக்கம். கறுத்த தோலில் சிவப்பு தெரியாது. சுற்றிலும் இருப்பதைவிட அந்த இடம் சூடாகவோ, கெட்டியாகவோ, கொழகொழப்பாகவோ இருக்கிறதா என்று புறங்கையாலும் விரலாலும் தொட்டுப் பாருங்கள்.

காய்ச்சல், நாற்றம், குழிக்குள் எலும்பு தெரிவது, இவை வந்தால் கட்டை மாற்றிக்கொண்டிராமல் மருத்துவரிடம் போக வேண்டும். நடு நெஞ்சு மட்டத்திலோ அதற்கு மேலேயோ தண்டுவடம் பாதித்தவருக்குத் திடீரென மண்டையைப் பிளக்கும் தலைவலியும் வியர்வையும் வந்து ரத்த அழுத்தம் ஏறினால் அது அவசரநிலை. சிறுநீர்ப் பை நிரம்புவது போலவே புண்ணும் அதற்குக் காரணமாகலாம். உடனே நிமிர்த்தி உட்கார வைத்து, இறுக்கமான உடையைத் தளர்த்தி, சிறுநீர்க் குழாய் மடங்கியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே உதவிக்கு ஆள் அழையுங்கள்.

ஆறிய புண்ணின் தழும்பு பழைய தோலின் பலத்தை முழுதாக எட்டுவதில்லை. அதனால் மறுபடி உட்காரத் தொடங்கும்போது முதல் நாள் 15 நிமிடம் போதும். இறங்கியதும் கண்ணாடி வைத்துப் பாருங்கள். சிவப்பு அரை மணி நேரத்துக்குள் மறைந்தால் மறுநாள் கொஞ்சம் கூட்டலாம், மறையாவிட்டால் நேரத்தைக் கூட்டாமல் குஷனின் காற்றைச் சரிபாருங்கள்.