அணைத்தால் மறந்துவிடும் கேமரா: நான்கு ஆண்டு அனுபவம்

பழுதுபார்க்கக் கொடுத்திருந்த வீடியோ கேமரா சென்ற வாரம் திரும்பி வந்தது. ஜூம் நெம்புகோல் தளர்ந்திருந்தது. அதை நன்றாகவே சரிசெய்திருக்கிறார்கள். கூடவே, நான்கு ஆண்டுகளாக என்னை வாட்டும் இன்னொரு குறையையும் எழுதிக் கொடுத்திருந்தேன். "வடிவமைப்பே அப்படித்தான்" என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. இதற்கிடையே நண்பர் ஒருவர், இதே மாடலின் விலை இறங்கியிருக்கிறது, குறும்படம் எடுக்க வாங்கலாமா என்று கேட்டிருந்தார். அவருக்கு எழுதத் தொடங்கிய பதில் நீண்டுவிட்டது.

குறை இதுதான். ஷட்டர் வேகத்தை, அதாவது ஒவ்வொரு ஃபிரேமும் (தனிப்படமும்) ஒளியை வாங்கும் நேரத்தை, 1/50 வினாடி என்று வைக்கிறேன். கேமராவை அணைத்து மறுபடி இயக்கினால் அது தானியங்கிக்குப் போய்விடுகிறது. வெள்ளைச் சமநிலை (வெளிச்சத்துக்கேற்ற நிறத் திருத்தம்) நினைவிருக்கிறது, ஃபிரேம் வேகம் நினைவிருக்கிறது, திரையின் பிரகாசம்கூட நினைவிருக்கிறது. ஷட்டர் வேகம் மட்டும் நினைவில் நிற்பதில்லை.

இதற்கா இவ்வளவு கோபம் என்று தோன்றலாம். குறும்படத்துக்கு வேண்டியது சினிமாத் தோற்றம். அது என்றாலே பின்னணி மங்கலாக இருப்பது என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 2002இல் வந்த பானசோனிக் டிவிஎக்ஸ்100 கேமராவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒளியைப் பதியும் 1/3 அங்குல சென்சார்கள், மினிடிவி (MiniDV) எனும் சிறிய வீடியோ நாடா, இன்றைய கைப்பேசிகளைவிடக் குறைந்த துல்லியம். அவ்வளவு சிறிய சென்சாரில் பின்னணி எளிதில் மங்காது. இருந்தும் அதில் எடுத்த காட்சிகள் ஃபிலிமின் சாயலோடு இருந்தன. வினாடிக்கு 24 முழு ஃபிரேம்கள், வெளிச்சமான பகுதிகளை மெல்ல அடக்கும் காமா எனும் ஒளி அமைப்பு, இவை இரண்டும்தான் காரணம்.

அசைவைத்தான் கண் முதலில் பிடிக்கிறது. ஃபிலிம் கேமராவின் சுழலும் ஷட்டர், ஒவ்வொரு ஃபிரேமுக்கும் உரிய நேரத்தில் வழக்கமாகப் பாதியளவே திறந்திருக்கும். வினாடிக்கு 24 ஃபிரேம் என்றால் அது 1/48 வினாடி. நான் வைக்கும் 1/50 இதற்கு மிக நெருக்கமானது. அந்த நேரத்துக்குள் வீசும் கை இலேசாக இழுபட்டுப் பதிவாகிறது. அந்த இழுபடல்தான் ஒரு ஃபிரேமை அடுத்ததோடு ஒட்டவைக்கிறது. வெயிலில் தானியங்கி ஷட்டர் 1/500, 1/1000 என்று ஏறிவிட்டால் ஒவ்வொரு ஃபிரேமும் நறுக்கியதுபோல் தனித்து நிற்கும். நடப்பவர் வெட்டி வெட்டி நடப்பார். கேமராவின் சின்னத் திரையில் இது தெரிவதில்லை. வீட்டுக்கு வந்து பெரிய திரையில் போட்டால்தான் தெரியும். ஒரு முறை, பேட்டரி மாற்றியபின் எடுத்த காட்சிகள் முழுவதும் அப்படிப் போயின. நடித்தவர்களை மறுபடி ஒன்றுசேர்க்க முடியவில்லை. அந்தக் காட்சி இல்லாமலேதான் படத்தை முடித்தேன்.

இன்னும் வருத்தம் தருவது என்னவென்றால், 1/50இல் படமெடுப்பதற்கென்றே இதே கேமராவில் அருமையான ஒரு வசதி இருக்கிறது. வெயிலில் ஷட்டரை மெதுவாக வைத்தால் வெளிச்சம் மிகுந்துவிடும். லென்ஸ் துளையை எஃப்/11 வரை மூடலாம் (எஃப் எண் கூடக்கூடத் துளை சிறுக்கும்). இந்தக் கேமராவின் 1 அங்குல சென்சாரில் அப்படி மூடினால் ஒளியின் விளிம்பு வளைவால் கூர்மை குறையும். எனவே என்டி ஃபில்டர், அதாவது நிறத்தை மாற்றாமல் வெளிச்சத்தை மட்டும் குறைக்கும் கண்ணாடி, வேண்டும். இங்கே அது உள்ளேயே இருக்கிறது. சிறிய சக்கரத்தைத் திருப்பினால் வெளிச்சம் 1/4, 1/16, 1/64 என்று குறைகிறது, நண்பகலிலும் எஃப்/5.6இல் எடுக்க முடிகிறது. கண்ணாடியைத் திருகி மாட்டும் வேலை இல்லை. இத்தனை ஆண்டுகளில் இந்தச் சக்கரம் ஒரு முறைகூட என்னைக் கைவிட்டதில்லை. இதை யோசித்து வைத்தவர்களுக்கு ஷட்டரை நினைவில் வைக்க ஏன் தோன்றவில்லை?

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கூர்மை அமைப்பை அடிமட்டத்துக்கு இறக்கிவிடுங்கள். முகத்தின் விளிம்பில் ஓடும் வெள்ளைக் கோடு மறைந்துவிடும். பெயர் 1 அங்குலம் என்றாலும் சென்சாரின் உண்மையான அகலம் 13.2 மில்லிமீட்டர்தான், சினிமாவில் பயன்படும் சூப்பர் 35 ஃபிலிம் ஃபிரேமில் ஏறத்தாழ பாதி. பின்னணி மங்க வேண்டுமென்றால் தள்ளி நின்று ஜூம் செய்ய வேண்டும். வானம் வெளுத்துவிட்டால் மீட்க முடியாது, அதனால் வெளிச்சம் மிகுந்த இடங்களில் திரையில் தோன்றும் ஸீப்ரா கோடுகளைப் பார்த்து ஒளியைச் சற்றுக் குறைத்தே எடுக்கிறேன். கேமராவைப் பக்கவாட்டில் திருப்பும்போது, ஒரு பொருள் திரையைக் கடக்க 7 வினாடியாவது ஆகும்படி திருப்பினால் காட்சி அதிராது.

மாலை வெளிச்சத்தில், ஜன்னலோரத்தில், இந்தக் கேமரா காட்டும் தோல் நிறத்துக்கு ஈடாக இந்த விலையில் வேறெதையும் நான் பார்த்ததில்லை. ஆனாலும் நண்பருக்கு வாங்க வேண்டாம் என்றே எழுதினேன். அப்படியென்றால் உங்களுடையதை எனக்கு விற்றுவிடுங்கள் என்றார். விற்க மனம் வரவில்லை.

வேறு எந்த மாடலை வாங்கப் போனாலும் கடையிலேயே இதைச் செய்து பாருங்கள்: ஷட்டரை 1/50இல் வையுங்கள், கேமராவை அணையுங்கள், பேட்டரியைக் கழற்றி மாட்டுங்கள், இயக்குங்கள். திரையில் 1/50 என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.