ரிவர்ஸின் தோடர் நூல்: இரண்டு மறுபதிப்புகள், ஒரு பைண்டரின் பார்வை

மானிடவியலாளர் டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் நீலகிரியின் தோடர் பழங்குடியினரைப் பற்றி எழுதி 1906-இல் லண்டன் மாக்மில்லன் வெளியிட்ட ‘தி தோடாஸ்’ நூலுக்கு மறுபதிப்புப் பஞ்சமே இல்லை. ரிவர்ஸ் 1922-இல் மறைந்தார். ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் கடந்தால் நம் நாட்டில் பதிப்புரிமை தீர்ந்துவிடும். ஆகவே ஸ்கேன் கோப்பு கையில் இருக்கும் எவரும் இன்று பதிப்பாளர்தான். அவற்றில் இரண்டை வாங்கினேன். குன்னூரில் பைண்டிங் தொழில் செய்பவன் நான். எந்தப் புத்தகத்தையும் முதலில் முதுகுப் பக்கமாகத்தான் பார்ப்பேன்.

முதல் பிரதி, ஆர்டர் வந்த பிறகு அச்சடித்து அனுப்பும் வகை. அட்டையில் பனி மூடிய சிகரங்கள்! ஊட்டியில் உறைபனி விழும், உண்மைதான். அதற்காக இமயமலையையா கொண்டுவந்து நிறுத்துவது? எழுநூறு பக்கங்களுக்கு மேற்பட்ட புத்தகத்தில் ஒரு தையல்கூட இல்லை, எல்லாம் பசை. நடுவில் விரித்ததும் முதுகு வெடித்தது. ஐப்பசி மழை பிடித்ததும் லேமினேட் அட்டை அப்பளம்போல் சுருண்டுகொண்டது. வெளிப்புறம் பிளாஸ்டிக், உட்புறம் மட்டும் ஈரத்தைக் குடித்தால் வேறென்ன ஆகும்?

கட்டு போனால் போகட்டும், அது என் பிழைப்பு. உள்ளே செய்திருப்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. 1898-இல் ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே உள்ள டோரஸ் நீரிணைத் தீவுகளுக்குப் போன ஆய்வுக் குழுவில் இருந்தவர் ரிவர்ஸ். யார் யாருக்குப் பிள்ளை, யார் எந்தக் குலத்தில் பெண் எடுத்தார் என்று கொடிவழி கேட்டு எழுதும் முறையை அங்கேயே தொடங்கிவிட்டார். 1902-இல் நீலகிரியிலும் அதையே செய்தார். நூலின் கடைசியில் வரும் கொடிவழி அட்டவணைகள்தான் அவர் சொல்வதற்கெல்லாம் சாட்சி. இந்தப் பிரதியில் அவற்றைச் சுருக்கி அச்சடித்ததில், ஓரத்துப் பெயர்கள் பாதி முதுகுக்குள் புதைந்துகிடக்கின்றன. மந்துகளை, அதாவது தோடர் குடியிருப்புகளைக் குறித்த வரைபடத்தை மடித்தபடியே ஸ்கேன் செய்திருக்கிறார்கள். சாம்பல் நிறத் தாளில் ஒரு மடிப்புக்கோடுதான் தெரிகிறது. பைக்காரா மின்திட்டமும் குந்தா அணைகளும் வருவதற்கு முந்தைய மலையைக் காட்டும் வரைபடம் அது. தைத்துக் காப்பாற்றலாம் என்றால், பசைக்கட்டில் எல்லாம் தனித்தனித் தாள், ஊசி கோக்க மடிப்பே கிடையாது. பக்கவாட்டில் துளைபோட்டால் மிச்சமிருக்கும் எழுத்தையும் ஊசி தின்றுவிடும்.

இரண்டாவது பிரதி, மூலத்தை அப்படியே படியெடுத்த கெட்டி அட்டைப் பதிப்பு. விலை மூன்று மடங்கு. ஃபாரம் ஃபாரமாக (மடித்த தாள்கட்டு ஒவ்வொன்றாக) நூல்தையல், காலிக்கோ துணி முதுகு, விரித்தால் மேசைமேல் தட்டையாகக் கிடக்கிறது. வரைபடத்துக்கு ஓரத்தில் தனிப் பட்டை வைத்து ஒட்டியிருக்கிறார்கள். பிரித்து மடித்தாலும் கிழியாது. அந்தப் பட்டையை வைத்த கைக்கு ஒரு கும்பிடு.

ஆனால் படங்கள் இருண்டுவிட்டன. ஏற்கெனவே புள்ளிகளால் ஆன படத்தை மறுபடி புள்ளியாக்கினால் கறுப்புதான் மிஞ்சும். வளைந்த கூரையுடைய எருமைப் பால்கோயிலின் (தோடர்களுக்குப் பால் கடையும் இடமே கோயில்) முகப்பில், ஆள் தவழ்ந்து நுழையும் அந்தச் சின்ன வாசலே தெரியவில்லை. முன்னுரை ஒன்று புதிதாக எழுதிச் சேர்த்திருக்கலாம். ரிவர்ஸ் இங்கே தங்கியது சில மாதங்கள், அதுவும் மொழிபெயர்ப்பாளர்களை வைத்துக்கொண்டு. பிறகு தோடர் மொழியையே கற்ற மொழியியலாளர் எமெனோ, 1971-இல் அவர்களின் பாடல்களைத் தொகுத்துப் பெருநூலாக்கினார். மறுபதிப்பாளருக்கோ காலம் 1906-லேயே நின்றுவிட்டது.

இருந்தாலும் இரண்டாவதையே வாங்கச் சொல்வேன். படிக்க மட்டும் வேண்டுமென்றால் மூலத்தின் ஸ்கேன் இணையத்தில் இலவசமாகவே இருக்கிறது. அந்த மலிவுப் பிரதிக்குக் கொடுக்கும் பணம் தண்டம்.

தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட ஏழு தொகுதிகளையும் இதே கடைகள் விற்கின்றன. அகரவரிசை நூல் என்பதால் நம் மலை சிதறிக்கிடக்கிறது: படுகர் முதல் தொகுதியில், இருளர் இரண்டில், கோத்தரும் குறும்பரும் நான்கில், தோடர் ஏழில். நான்கு போதும் என்றால் தரமாட்டார்கள், ஏழு தொகுதிகளையும் சேர்த்துக் கட்டித்தான் தலையில் வைக்கிறார்கள். எந்த மறுபதிப்பானாலும், பணம் அனுப்புவதற்கு முன் வரைபடத்தை விரித்து ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பத் தயங்கினால் அந்தக் கடையை விட்டுவிடுங்கள்.