எஸ்.எல்.எஃப். பனிச்சரிவு அறிவிப்பு: நவம்பரில் எந்த அளவு கைகொடுக்கும்?

சுவிஸ் ஆல்ப்ஸில் ஸ்கீ டூரிங் (ஸ்கீ மாட்டிக்கொண்டு மலையேறி, சறுக்கி இறங்குவது) போகிறவர்கள் எல்லாரும் பார்ப்பது டாவோஸில் உள்ள எஸ்.எல்.எஃப். என்ற பனி, பனிச்சரிவு ஆய்வு நிறுவனத்தின் இலவசப் பனிச்சரிவு அறிவிப்பைத்தான். அந்த நிறுவனத்தின் ஒயிட் ரிஸ்க் செயலியிலும் அது வரும். ஜனவரியில் இதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நவம்பரில் கொஞ்சம் வேறு மாதிரி படிக்க வேண்டும்.

நடுக்குளிர்காலத்தில் தினமும் மாலை 5 மணிக்கு அறிவிப்பு வரும், காலை 8 மணிக்குப் புதுப்பிப்பார்கள். சீசன் தொடக்கத்தில் இந்த ஒழுங்கு கிடையாது. கனமாகப் பனி பெய்தால்தான் வெளியிடுவார்கள். அறிவிப்பு வரைபடம் காலியாக இருந்தால் ஆபத்து இல்லை என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். அது பெரிய தவறு.

அறிவிப்பு வந்த நாளில் 1 முதல் 5 வரையிலான ஆபத்து நிலை எண்ணோடு நின்றுவிடாதீர்கள். எந்தத் திசையைப் பார்த்த சரிவுகள், எத்தனை மீட்டருக்கு மேல் என்பதையும், கீழே உள்ள விளக்கத்தையும் படியுங்கள். அங்கே 'பழைய பனி' என்ற சொல் இருந்தால் கூடுதல் கவனம் தேவை. அக்டோபரில் பெய்த பனி, வெயில் படாத வடக்குச் சரிவுகளில் உயரத்தில் மட்டும் தங்கிவிடும். தரையை ஒட்டிய பனி பூஜ்ஜியம் டிகிரி அளவில் இருக்க, மேற்பரப்பு தெளிந்த இரவுகளில் கடுமையாகக் குளிரும். பனி மெல்லியதாக இருப்பதால் அந்த வேறுபாடு சில பத்து சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. அதனால் பனி மணிகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் சர்க்கரை போல உதிரியாகிவிடும். அதன் மேல் நவம்பர் காற்று கொண்டுவந்து குவிக்கும் இறுகிய பனிப்பாளத்துக்குப் பிடிமானமே இல்லை. அடுத்த பள்ளத்தில் தரை தெரிகிறதே என்று ஏமாறக் கூடாது: பழைய பனி இல்லாத இடத்தில் இந்த வலுவற்ற அடுக்கும் இருக்காது, பத்து மீட்டர் தள்ளி நிழலில் இருக்கும்.

செயலியில் நமக்கு மிகவும் பிடித்தது மலையில் உள்ள தானியங்கி அளவீட்டு நிலையங்களின் தரவுகள். அறிவிப்பு இல்லாத வாரங்களில் அவைதான் துணை. முகட்டில் உள்ள நிலையத்தில் காற்றின் வேகமும் திசையும் பாருங்கள். மேற்குக் காற்று ஒரு நாள் வலுவாக வீசியிருந்தால், புதுப்பனியே பெய்யாவிட்டாலும் கிழக்குச் சரிவில் பாளம் சேர்ந்திருக்கும். நிலையம் காட்டும் பனி உயரத்தை அப்படியே நம்பக் கூடாது. அதை அளக்கும் கருவிகளைச் சமதளத்தில், காற்று படாத இடத்தில்தான் நிறுத்துவார்கள். அது 50 செ.மீ. காட்டும்போது முகட்டில் வெறும் பாறையும் ஓடைப்பள்ளத்தில் ஒன்றரை மீட்டர் பனியும் இருக்கலாம்.

செயலியின் வரைபடத்தில் சரிவின் கோணம் காட்டும் வண்ண அடுக்கும் பயனுள்ளது, 30 டிகிரிக்கு மேல் நிறம் மாறும். ஆனால் மெல்லிய பனிக்குக் கீழே உள்ள கற்களையும், பனியாற்றில் பனி பலவீனமாக மூடிய பிளவுகளையும் எந்த வரைபடமும் காட்டாது. தொடக்க சீசனில் சிறிய பனிச்சரிவு இழுத்துப்போனாலும் அந்தக் கற்களில்தான் மோதவேண்டியிருக்கும்.