ஆலிவ் கார்டன் சாலட் டிரஸ்ஸிங்: பாட்டில் வாங்கலாமா, வீட்டிலேயே கலக்கலாமா?

அமெரிக்காவில் ஆலிவ் கார்டன் என்ற இத்தாலிய பாணி உணவகத்துக்குப் போகிற நம் ஆட்கள் பலருக்குப் பாஸ்தா ஒரு சாக்குதான். சூப், சாலட், பிரட்ஸ்டிக் மூன்றும் கேட்கக் கேட்க வந்துகொண்டே இருக்கும், மினஸ்ட்ரோனி சூப்பில் இறைச்சி கிடையாது, அதனால் ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா அப்பாவைக் கூட்டிப்போனாலும் பட்டினி போட வேண்டாம். அந்தச் சாலட்டில் என்ன பெரிய விஷயம் என்று பார்த்தால் ஒன்றுமே இல்லை: லெட்டூஸ், தக்காளி, சிவப்பு வெங்காயம், கறுப்பு ஆலிவ், பெப்பரோன்சினி என்கிற அந்த மஞ்சள் பச்சை ஊறுகாய் மிளகாய், மேலே கொஞ்சம் க்ரூட்டான் என்கிற மொறுமொறு ரொட்டித் துண்டுகள். எல்லாக் கடையிலும் கிடைக்கிற சாமான். ஆனாலும் இரண்டாவது கிண்ணம் கேட்க வைப்பது அந்தப் புளிப்பும் லேசான இனிப்பும் கலந்த டிரஸ்ஸிங்தான்.

அதே டிரஸ்ஸிங் பாட்டிலில் வால்மார்ட் மாதிரிக் கடைகளில் கிடைக்கிறது, 'சிக்னேச்சர் இத்தாலியன்' என்ற பெயரில். உணவகத்தின் பெயர் போட்டிருந்தாலும் கடைக்கு வரும் பாட்டிலைத் தயாரிப்பது ஒஹையோவின் மார்செட்டி நிறுவனம். 1896இல் தெரேசா மார்செட்டி என்ற இத்தாலியக் குடியேறி கொலம்பஸ் நகரில் திறந்த சாப்பாட்டுக் கடையிலிருந்து வளர்ந்த கம்பெனி அது. ஆலிவ் கார்டனோ 1982இல் ஃப்ளோரிடாவின் ஆர்லாண்டோவில் ஜெனரல் மில்ஸ் என்ற காலை உணவுத் தானியக் கம்பெனி ஆரம்பித்த கடை. ஆக, இத்தாலிய வம்சம் என்று பார்த்தால் உணவகத்தைவிட பாட்டிலுக்குத்தான் கொஞ்சம் கூடுதல் உரிமை! இத்தாலிக்காரர்கள் வீட்டில் சாலட்டுக்கு எண்ணெய், வினிகர், உப்பு மூன்றையும் மேசையிலேயே ஊற்றிக் கிளறிச் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். 'இத்தாலியன் டிரஸ்ஸிங்' என்பது முழுக்க அமெரிக்கச் சரக்கு. அதில் தப்பும் இல்லை, நன்றாக இருக்கிறது, அது போதும்.

பாட்டில் எப்படி? நன்றாகவே இருக்கிறது. திறந்ததும் பூண்டு வாசனை வருகிறது, புளிப்பு சரியாக இருக்கிறது, என் நாக்குக்கு இனிப்பு மட்டும் ஒரு சொட்டு அதிகம். எண்ணெய் மேலே நிற்கும், நன்றாகக் குலுக்க வேண்டும். குலுக்கினாலும் க்ரீம் என்று சொல்லும் அளவுக்குக் கெட்டியாகாது, பாதி தெளிவு பாதி வெள்ளை என்று இலையில் வழிந்து கிண்ணத்தின் அடிக்குப் போய்விடும். உணவகத்திலும் ஏறக்குறைய அப்படித்தான் என்று நீங்கள் சொல்லலாம், சரிதான், ஆனால் வீட்டில் இலை கொஞ்சம் ஈரமாகவும் கிண்ணம் சமையலறைச் சூட்டிலும் இருக்கும்போது அந்தத் தண்ணீர்த்தனம் பளிச்சென்று தெரிகிறது. இன்னொரு விஷயம், சைவம் சாப்பிடுபவர்கள் லேபிளைப் படித்துவிட்டு வாங்குங்கள், முட்டையும் ரொமானோ சீஸும் உள்ளே இருக்கின்றன.

இப்போது வீட்டுக் கலவை. என் கட்சி இதுதான். க்ரீம் போன்ற பதத்துக்கு மயோனைஸ் வேண்டும், வேறு வழியில்லை. எண்ணெயும் வினிகரும் தானாகச் சேராது, முட்டை மஞ்சள் கருவில் இருக்கும் லெசித்தின்தான் இரண்டையும் பிடித்துவைக்கிறது, மயோனைஸில் அந்த வேலை ஏற்கெனவே முடிந்திருக்கிறது. அமெரிக்க விதிப்படி மயோனைஸ் என்று பெயர் போட்டால் அதில் எடைக்கு 65 சதவீதமாவது எண்ணெய் இருக்க வேண்டும், அதனால் தனியாக எண்ணெய் நிறைய ஊற்றத் தேவையே இல்லை. அரை கப் மயோனைஸுக்கு கால் கப் வெள்ளை வினிகர், ஒரு டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாறு, இரண்டு டேபிள்ஸ்பூன் எண்ணெய், இரண்டு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் பூண்டுப் பொடி, அரை டீஸ்பூன் இத்தாலியன் சீஸனிங் (ஓரிகானோ போன்ற காய்ந்த மூலிகைக் கலவை), துருவிய பார்மசான் அல்லது ரொமானோ சீஸ் மூன்று டேபிள்ஸ்பூன், மிளகுத்தூள் கொஞ்சம். உப்பைக் கடைசியில் போடுங்கள், சீஸிலேயே நிறைய உப்பு இருக்கிறது. மூடி போட்ட கண்ணாடி ஜாடியில் எல்லாவற்றையும் கொட்டிக் குலுக்கினால் முடிந்தது. மிக்ஸி வேண்டாம், குறிப்பாக எக்ஸ்ட்ரா வர்ஜின் ஆலிவ் எண்ணெய் ஊற்றுவதாக இருந்தால் வேண்டவே வேண்டாம், வேகமாக அடிபட்டால் அந்த எண்ணெய் கசந்துபோகலாம். என்னைக் கேட்டால் இதற்கு ஆலிவ் எண்ணெயே தேவையில்லை. ஃப்ரிட்ஜில் அது உறைந்து கட்டி தட்டும், விலையும் அதிகம், வாசனை வேறு பக்கம் இழுக்கும். கனோலாவோ சூரியகாந்தியோ போதும்.

பலர் விட்டுவிடும் சாமான் ஒன்று உண்டு. பெப்பரோன்சினி ஜாடியில் மிளகாய் மிதக்கும் அந்தப் புளிப்புத் தண்ணீர். வினிகரில் ஒரு டேபிள்ஸ்பூனைக் குறைத்துவிட்டு அதற்குப் பதில் இதை ஊற்றுங்கள். சாலட்டில் கடிபடும் மிளகாயும் டிரஸ்ஸிங்கும் ஒரே ருசியில் வந்து நிற்கும், வீட்டில் செய்ததா கடையில் வாங்கியதா என்று கேட்பார்கள்.

பூண்டு விஷயத்தில் கொஞ்சம் நிதானம். பச்சைப் பூண்டு நசுக்கிப் போட்டால் முதல் நாள் நன்றாக இருக்கும், மறுநாள் காரம் ஏறி மற்றதையெல்லாம் அமுக்கிவிடும். பொடி அப்படி இல்லை, ஊற ஊறத்தான் அதன் ருசியே வெளியே வருகிறது. பச்சைப் பூண்டுதான் வேண்டும் என்றால் ஜாடியை வெளியே வைக்காதீர்கள், ஃப்ரிட்ஜில் வைத்து மூன்று நான்கு நாளில் தீர்த்துவிடுங்கள். எண்ணெயில் பூண்டைப் போட்டு ஃப்ரிட்ஜுக்கு வெளியே விட்டால் பாட்டுலிசம் என்ற ஆபத்தான நச்சு நோயை உண்டாக்கும் கிருமி வளர வாய்ப்புண்டு. வினிகரின் புளிப்பு ஓரளவு காக்கும், ஆனாலும் விளையாட வேண்டாம்.

எதைப் பயன்படுத்தினாலும் கலந்த உடனே ஊற்றாதீர்கள். உடனே நக்கிப் பார்த்தால் மயோனைஸ் தனியாக, வினிகர் தனியாக நாக்கைத் தாக்கும், காய்ந்த ஓரிகானோ வைக்கோல் மாதிரி கடிபடும். இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் இருந்தால் அந்த ஓரிகானோ இலைகள் ஈரம் குடித்து மெத்தென்று ஆகும், சீஸ் ஊறிப் பதமும் கெட்டிப்படும். அவசரம் என்றால் இரண்டு மணி நேரமாவது விடுங்கள். ஸ்பூனின் பின்பக்கத்தில் மெல்லிய வெள்ளைப் படலமாக ஒட்டி, விரலால் கோடு இழுத்தால் கோடு அப்படியே நிற்க வேண்டும். அதற்கு மேல் கெட்டியாக இருந்தால் ஒரு ஸ்பூன் குளிர்ந்த தண்ணீர்.

சீஸ் வாங்கும்போது கட்டியாக வாங்கித் துருவுங்கள். கடையில் துருவியே விற்கும் சீஸ் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அதில் பெரும்பாலும் செல்லுலோஸ் தூள் சேர்ப்பார்கள், அது டிரஸ்ஸிங்கில் கரையாது, நறநறவென்று இருக்கும். இத்தாலியிலிருந்து வரும் அசல் பார்மசானான பார்மிஜானோவில் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும், பாலைத் திரிக்க வைக்கும் ரென்னெட் உண்டு, சுத்த சைவக்காரர்கள் மைக்ரோபியல் (நுண்ணுயிரிலிருந்து எடுத்த) ரென்னெட் என்று லேபிளில் போட்டிருக்கும் பார்மசானைத் தேடலாம், முட்டையில்லாத மயோனைஸும் கடைகளில் கிடைக்கிறது. அந்த இரண்டையும் போட்டுச் செய்ததில் புளிப்பு கொஞ்சம் முன்னால் நிற்கும், சர்க்கரையை அரை டீஸ்பூன் கூட்டினால் சரியாகிவிடும்.

அப்புறம், உணவகத்து ருசியில் பாதி டிரஸ்ஸிங்கில் இல்லை, குளிர்ச்சியில் இருக்கிறது. எங்கள் ஊர்க் கிளையில் சாலட் கிண்ணத்தைத் தொட்டால் சில்லென்று இருக்கும். வீட்டில் லெட்டூஸைக் கழுவி, சாலட் ஸ்பின்னரில் சுற்றி, துண்டில் பரப்பி ஈரம் போன பிறகு, கிண்ணத்தோடு கால் மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஈர இலையில் எந்த டிரஸ்ஸிங்கும் ஒட்டாது, எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாக இருந்தாலும். சாப்பிட உட்காரும்போதுதான் ஊற்றிக் கிளற வேண்டும், க்ரூட்டான் அதற்கும் பிறகு. மேலே சீஸைத் துருவுவதில் கஞ்சத்தனம் கூடாது, உணவகத்தில் நாம் போதும் என்று சொல்லும் வரை துருவிக்கொண்டே இருப்பார்கள் அல்லவா, வீட்டில் நம்மைத் தடுக்க யாரும் இல்லை.

விலைக் கணக்குப் பார்த்தால் பெரிய மிச்சம் ஒன்றும் கிடையாது. நல்ல சீஸ் போட்டால் வீட்டுக் கலவை பாட்டிலைவிடக் கூடுதலாகக்கூட ஆகலாம். வீட்டில் செய்ததை ஒரு வாரத்துக்குள் தீர்க்க வேண்டும், பாட்டில் திறந்த பிறகும் ஃப்ரிட்ஜில் வெகு நாள் கிடக்கும். தனியாக இருப்பவர், வாரத்துக்கு ஒருமுறை சாலட் சாப்பிடுபவர் என்றால் பாட்டிலை வாங்கி அதில் ஒரு ஸ்பூன் மயோனைஸும் கொஞ்சம் துருவிய சீஸும் கலந்துகொள்ளுங்கள், முக்கால்வாசி தூரம் வந்துவிடும். நாலு பேர் சாப்பிட வருகிறார்கள் என்றால் முந்தின இரவே ஜாடியில் கலந்துவிடுங்கள். சிக்கன் ஊறவைக்க மட்டும் இந்த மயோனைஸ் கலவையை வீணாக்காதீர்கள், அதற்குப் பாட்டில்தான் சரி, கிரில்லில் போடும்முன் இரண்டு மூன்று மணி நேரம் ஊறினால் போதும்.