ரயில் தடமா, பால் லாரிச் சாலையா?

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்துத் தென்மேற்கில் சைக்கிளில் நாலைந்து நாள் சுற்றக் கிளம்புகிறவர்கள் முதலில் குழம்புவது இங்கேதான்: தண்டவாளத்தை எடுத்துச் சைக்கிள் பாதையாக்கிய எல்ராய்–ஸ்பார்ட்டா பழைய ரயில் தடத்தில் போவதா, பண்ணைகளுக்கு நடுவே ஏறி இறங்கும் தார்ச்சாலைகளில் போவதா? இரண்டிலும் மூட்டையோடு போய் வந்தவன் நான். இனி எனக்குச் சாலைதான்.

தடத்தின் அருமை ஊரறிந்தது. 51 கிலோமீட்டர், ரயில் ஓடிய வழி, அதனால் ஏற்றம் உறைக்காது. மூன்று சுரங்கங்கள், நார்வாக் ஊரைத் தாண்டி வருவது மட்டும் 3,810 அடி. உள்ளே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டும். கோடையிலும் குளிரும், தலையில் தண்ணீர் சொட்டும், டார்ச் கட்டாயம். குழந்தைகளோடு போகிறவர்கள் இதற்கு மேல் படிக்க வேண்டாம், தடத்துக்கே போங்கள்.

என் தகராறு அதன் மேல் பரப்பியிருக்கும் சுண்ணாம்புக்கல் பொடியோடு. காய்ந்திருக்கும்வரை சாது. வில்ட்டன் ஊருக்கு முன்னால் அரைமணி நேர மழையில் மாட்டினேன். கரைத்த கோலமாவு மாதிரி ஒரு குழம்பு செயினிலும் பின் கியர்ப் பற்களிலும் பிரேக் கட்டையிலும் அப்பிக்கொண்டது. மிதிக்கு மிதி அம்மி அரைக்கிற சத்தம். குடிக்க வைத்திருந்த தண்ணீரை ஊற்றிக் கழுவி எண்ணெய் விட்டேன். ஐந்து கிலோமீட்டரில் மறுபடி அதே அம்மி. வீட்டுக்கு வந்து பார்த்தால், அந்தக் கோடையில் மாட்டிய புதுச் செயின் மாற்றும் அளவுக்குத் தேய்ந்திருந்தது. பிரேக் கட்டையில் வரிப்பள்ளமே இல்லை. டிஸ்க் பிரேக் வைத்திருப்பவர்களுக்குத் தொல்லை குறைவாக இருக்கலாம். நான் ஓட்டியதில்லை, அடித்துச் சொல்ல மாட்டேன். ஒருநாள் சவாரிக்கு இதெல்லாம் பொருட்டில்லை. இருபது கிலோ சுமையோடு, சைக்கிள் கடை இல்லாத ஊர்களைக் கடக்கும்போது இதுதான் முதல் கவலை.

சாலையில் அந்தக் கவலை இல்லை. பால்மாட்டுப் பண்ணைகளின் நாடு அது. எந்தப் பருவத்திலும் பால் லாரி வந்துபோக வேண்டும் என்பதால் ஒதுக்குப்புறப் பண்ணை வழிக்குக்கூடத் தார் போட்டிருக்கிறார்கள். மழை நின்றதும் துடைத்துவிட்டுக் கிளம்பலாம். ஆனால் ஏற்றம்! கடைசிப் பனியுகத்தின் பனிப்பாளம் இந்தப் பக்கம் வராததால் குன்றுகள் மழுங்காமல் நிற்கின்றன. பள்ளத்தாக்குக்கு அங்கே ‘கூலி’ என்று பெயர்; ஒவ்வொன்றிலிருந்தும் ஏறி வெளியே வருவதற்குக் கூலி ஏதும் கிடையாது. ஒன்டாரியோ என்ற சிற்றூரிலிருந்து வைல்ட்கேட் மலைப் பூங்காவுக்கு ஏறும் 33ஆம் நெடுஞ்சாலையில், முன்னால் 30 பல், பின்னால் 34 பல் என்று ஏற்றத்துக்கான லேசான கியர் வைத்தும் ஒருமுறை இறங்கித் தள்ளினேன். சரி, மேலே கூடாரம் போட இடம் இருக்கிறது. இறக்கத்தில்தான் கவனம்: கார் ஓட்டாத ஆமிஷ் கிறிஸ்தவ மக்களின் குதிரை வண்டிகள் ஓடும் சாலைகள், வளைவில் சாணம் கிடக்கும்.

இரண்டையும் கலக்கவும் வழி உண்டு. கெண்டல், வில்ட்டன், நார்வாக் ஊர்களைத் தொட்டுக்கொண்டே 71ஆம் நெடுஞ்சாலையும் ஸ்பார்ட்டாவுக்குப் போகிறது. வானம் கறுத்தால் அடுத்த ஊரிலேயே தடத்தை விட்டு அதில் ஏறிவிடுங்கள்.